மாதாவும் இடம்பெயர்ந்தார்

2008 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தின் முதல் வாரம். கொழும்பில் நான் அப்போது பணியாற்றிய நாளிதழின் ஆசிரிய பீடத்தில் இரவுப் பதிப்புக்கான வேலைகள் நடந்துகொண்டிருந்தன. மடுத் திருப்பதியைப் போர்முனை நெருங்கிவிட்ட நிலையில், அங்கிருந்த குருவானவர்கள் அன்னையின் திருச்சொரூபத்தைத் தம்மோடு எடுத்துக்கொண்டு தேவன்பிட்டிக்குச் சென்றுவிட்டார்கள் என்ற செய்தி மன்னாரிலிருந்து கிடைத்தது. 'மடு மாதா சிலை தேவன்பிட்டிக்கு மாற்றம்' என்று தலைப்பிட்டு எழுதிக் கொடுத்தேன்.

பக்கத்து மேசையில் இருந்த உதவி ஆசிரியர் மன்னார்த் தீவில் பிறந்த கத்தோலிக்கர்; என்னிலும் மூத்தவர். அச்சுப்படியை வாங்கிப் பார்த்தவர் என் தலைப்பை வெட்டிவிட்டு, 'மடு மாதா இடம்பெயர்ந்தார்' என்று எழுதினார். எனக்கு உடன்பாடில்லை. மனிதர்தாம் இடம்பெயர்வார்கள், சிலை எப்படி இடம்பெயரும் என்று கேட்டேன். "எங்கட சனத்துக்கு என்ன நடந்ததோ, அதுதான் அவவுக்கும் நடந்திருக்கு. வேற சொல்லுப் போடாதையும்" என்றார். அவருடைய தலைப்பே மறுநாள் வெளிவந்தது.

நான் சைவக் குடும்பத்தில் பிறந்தவன். ஆயினும் வடபுலத்துச் சைவர்கள் பலரையும் போலவே, சிறுவயதில் ஆவணித் திருவிழாவுக்கு மடுவுக்குச் சென்று, காட்டுக்குள் கொட்டில் போட்டுத் தங்கி, விஷக்கடிக்கு மருந்தென்று அந்த மண்ணை ஒரு துணியில் முடிந்து வந்த அனுபவம் எனக்கும் உண்டு. எங்கள் வீட்டுச் சாமியறையில் பிள்ளையாருக்கு அருகே அந்த முடிச்சு நெடுங்காலம் இருந்தது. ஆனால் மடு எவ்வாறு மடுவானது என்பதை நான் தேடிப் படித்தது அந்த இரவின் வாக்குவாதத்திற்குப் பின்னர்தான். படித்தபோது, என் நண்பர் உணர்ச்சிவசப்பட்டு எழுதவில்லை, வரலாற்றையே எழுதினார் என்பது தெரிந்தது.

மன்னார்க் கத்தோலிக்கத்தின் தொடக்கமே இரத்தத்தில்தான். புனித பிரான்சிஸ் சவேரியார் அனுப்பிய குருவானவரிடம் திருமுழுக்குப் பெற்ற மன்னார் மக்களை 1544 இல் யாழ்ப்பாணத்து அரசன் சங்கிலி கொன்றொழித்தான். அறுநூறு பேர் வரையில் மாண்டனர் என்பது மரபாகச் சொல்லப்படும் தொகை. மதமாற்றத்தின் பின்னால் போர்த்துக்கேயரின் கப்பல்களைச் சங்கிலி கண்டான் என்பதும், அந்த அச்சம் வீணானதல்ல என்பதும் வேறு விடயம். 1560 இல் மன்னார் போர்த்துக்கேயர் வசமாயிற்று. அவர்களது காலத்தில் மாதோட்டத்துத் திருக்கேதீச்சரம் இடிபட்டதையும் நான் மறந்துவிட்டு எழுதவில்லை. அரசர்களும் கப்பற்படைகளும் செய்தவற்றுக்குக் கரையோரத்து எளிய சனம் உயிரைக் கொடுத்தது என்பதே இங்கு நான் சொல்ல வருவது.

1658 இல் ஒல்லாந்தர் வந்தனர். கத்தோலிக்கக் குருமார் நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்டனர். அவர்களுக்கு ஒளிவிடம் கொடுப்போருக்கு மரணதண்டனை என்று கட்டளை பிறந்தது. ஆலயங்கள் பறிபோயின. அக்காலத்தில், ஏறத்தாழ 1670 இல், மாந்தையைச் சேர்ந்த இருபது கத்தோலிக்கக் குடும்பங்கள் தங்கள் ஆலயத்து அன்னையின் சொரூபத்தைத் தூக்கிக்கொண்டு, ஒல்லாந்தரின் கை எட்டாத வன்னிக் காட்டுக்குள் ஓடின என்பது மடுவின் மரபு. யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து தப்பிவந்த வேறு கத்தோலிக்கரும் அவர்களோடு அங்கே சேர்ந்துகொண்டனர். மருதமடு என்ற அந்தக் காட்டிடம்தான் பின்னாளில் மடுத் திருப்பதி ஆயிற்று.

ஆக, மடு மாதா மடுவுக்கு வந்ததே ஓர் அகதியாகத்தான். வெற்றி கண்ட மன்னன் எவனும் அந்த ஆலயத்தை எழுப்பவில்லை. ஓடிய சனம் ஓட்டத்தை நிறுத்திய இடத்தில் அது எழுந்தது.

காட்டுக்குள் போனவர்களை விடுவோம். ஒல்லாந்தரின் ஆட்சிக்குள்ளேயே எஞ்சியிருந்தவர்கள் எப்படித் தாக்குப்பிடித்தார்கள்? ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் பூசை இல்லை, பாவசங்கீர்த்தனம் இல்லை, சாகக் கிடப்பவருக்கு அவஸ்தைப்பூசுதல் இல்லை. மூப்பர்களும் அண்ணாவிமாரும் செபங்களை மனனஞ்செய்து பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். பகலில் ஒல்லாந்தரின் கோயிலுக்குப் போய்ப் பெயரைப் பதிந்துவிட்டு, இரவில் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு செபமாலை சொன்னவர்கள் பலர். இதை இரட்டை வேடம் என்று சொல்லக்கூடியவர் துப்பாக்கி முனையில் அடையாள அட்டையை நீட்டி அறியாதவராகவே இருக்க வேண்டும்.

1687 இல் கோவாவிலிருந்து ஒருவர் வந்தார். யோசேப் வாஸ் அடிகளார். கொங்கணிப் பிராமணக் குடும்பத்தில் 1651 இல் பிறந்தவர். கூலியாளின் கோலத்தில் கடல் கடந்து யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தபோது நோய்ப்பட்டு, நடக்கவும் வலுவற்றிருந்தார். பிச்சைக்காரராக வீடுவீடாகச் சென்றார். கழுத்திலே ஒரு செபமாலையைத் தொங்கவிட்டிருந்தாராம். அதைப் பார்த்து எவர் முகம் மாறுகிறது என்று கவனிப்பாராம். சில்லாலை மக்கள் அவரை மறைத்து வைத்துக் காத்தனர். ஒரு மனிதன் உயிரைப் பணயம் வைத்துத் தங்களைத் தேடி வந்தான் என்பதே அந்த மக்களுக்குக் கிடைத்த முதல் ஆறுதல். அவர் ஒல்லாந்தரை விரட்டப் படை கொண்டு வரவில்லை. கட்டளைகள் மாறவுமில்லை. மரணதண்டனைக்குரிய விருந்தாளியாக வந்து திண்ணையில் படுத்தார், அவ்வளவுதான்.

பின்னர் அவர் புத்தளம் வழியாகக் கண்டிக்குப் போனார். அங்கே 1692 இல் போர்த்துக்கேய ஒற்றன் என்று சிறைவைக்கப்பட்டார். 1697 இல் கண்டியில் பெரியம்மை பரவியபோது, நோயாளிகளை அவர்களின் சொந்தக்காரரே கைவிட்டு ஓடினர். அடிகளாரும் அவருடைய சகபாடி யோசேப் கர்வாலோ அடிகளாரும் அந்த நோயாளிகளைக் கழுவினார்கள், உணவூட்டினார்கள், இறந்தவர்களைப் புதைத்தார்கள். பௌத்தரா, கத்தோலிக்கரா என்று பார்க்கவில்லை. கண்டியரசன் இரண்டாம் விமலதர்மசூரியன் அவரைச் சுதந்திரமாக நடமாட விட்டதற்கு அதைவிட வேறு காரணம் தேடவேண்டியதில்லை. 1711 ஜனவரி 16 ஆம் திகதி அவர் கண்டியிலேயே இறந்தார்.

அவருடைய வழியில் 1705 இல் வந்தவர் யாக்கோமே கொன்சால்வேஸ் அடிகளார். தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் பல எழுதிய இவரைச் சாங்கோபாங்க சுவாமி என்று நம்மவர் அழைத்தனர். தமிழிலக்கிய வரலாற்று நூல்கள் வீரமாமுனிவருக்குக் கொடுக்கும் இடத்தில் கால்வாசியையேனும் இவருக்குக் கொடுத்தால் தகும் என்பது என் நெடுநாளைய மனக்குறை. கிறிஸ்துவின் பாடுகளையும் அன்னையின் புலம்பலையும் சொல்லும் 'வியாகுலப் பிரசங்கம்' இவர் ஆக்கியது. தவக்கால இரவுகளில் இராகத்தோடு வாசித்துக் கேட்பதற்காக அமைந்த நூல். ஒடுக்கப்பட்டிருந்த சமூகமொன்றுக்கு அவர் எழுதிக் கொடுத்தவற்றுள் நிலைத்து நின்றது ஓர் ஒப்பாரி என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிரித்தானியர் காலத்தில், 1806 இல், கத்தோலிக்கர் மீதான தடைகள் நீங்கின. 1872 இல் மடுவில் இன்றைய ஆலயத்துக்கு அத்திவாரமிடப்பட்டது. 1924 ஜூலை 2 ஆம் திகதி அன்னைக்கு முடிசூட்டப்பட்டது. தமிழரும் சிங்களவரும், கத்தோலிக்கரல்லாதாரும் இலட்சக்கணக்கில் கூடும் யாத்திரைத் தலமாக மடு வளர்ந்தது. அந்த நல்ல காலத்தைப் பற்றி எழுத நிறைய உண்டு. ஆனால் நம் தலைமுறைக்கு அமைந்தது வேறு.

1990 இல் போர் மீண்டும் மூண்டபோது மடு மறுபடியும் தன் பழைய தொழிலுக்குத் திரும்பியது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் ஆலய வளவிலும் சுற்றியிருந்த காட்டிலும் கிடுகுக் கொட்டில்களிலும் தறப்பாள்களின் கீழும் தங்கின. அகதிகளுக்கான ஐ.நா. உயர் ஸ்தானிகரகம் அங்கே ஒரு நிவாரண நிலையத்தை நடத்தியது. இளம் நிருபராக நான் அங்கு சென்ற காலத்தில், பாடசாலை மரத்தடியில் நடந்தது. மலேரியா எல்லாக் கொட்டிலிலும் இருந்தது. எவரைக் கேட்டாலும், மாதாவின் வளவுக்குள் ஒன்றும் நடக்காது என்றார்கள். நானும் அப்படியே எழுதினேன்.

நடந்தது. 1999 நவம்பர் 20 ஆம் திகதி இரவு ஆலய வளவில் எறிகணைகள் விழுந்தன. அங்கே தஞ்சமடைந்திருந்தோரில் நாற்பது பேர் வரையில், சிறுவர்களும் உட்பட, கொல்லப்பட்டனர். படையினரும் புலிகளும் ஒருவரையொருவர் குற்றஞ்சாட்டினார்கள். எறிகணை எந்தத் திசையிலிருந்து வந்தது என்பதை ஆராய்ந்து எழுதிய என்னால், அந்தச் சனத்தின் மனத்தில் எழுந்திருக்க வேண்டிய கேள்வியை எழுத முடியவில்லை. காப்பாற்றுவாள் என்று நம்பி வந்த இடத்திலேயே பிள்ளை செத்தால் பிறகு எந்த முகத்தோடு அவளைக் கும்பிடுவது?

போர்நிறுத்தம் வந்த 2002 இல், பாதை திறந்த பின்னர், ஆவணித் திருவிழாவுக்கு மடு சென்றேன். சனவெள்ளம். ஆலயத்தின் பக்கத்துவாசலில் நடுத்தர வயதினரான தம்பதியர் மெழுகுதிரி கொளுத்திக்கொண்டிருந்தனர். பேச்சுக் கொடுத்தபோது, 1999 இல் தங்கள் மகனை அங்கேதான் இழந்தார்கள் என்பது தெரிந்தது. கேட்கக்கூடாததைக் கேட்பதுதானே எங்கள் தொழில். மறுபடியும் இங்கு வர மனம் எப்படி வந்தது என்று கேட்டேன். கணவர் பேசவில்லை. அந்த அம்மா திரியிலிருந்து கண்ணை எடுக்காமலே, "அவவுக்கும் ஒரு பிள்ளை செத்ததுதானே தம்பி" என்றார்.

நான் அதைச் செய்தியில் சேர்க்கவில்லை. சேர்த்திருந்தால் வாசகர்கள் அதை ஆறுதல் வார்த்தையாகப் படித்திருப்பார்கள். அவர் சொன்ன தொனியில் ஆறுதல் இருக்கவில்லை. ஒரே துக்கவீட்டில் உட்கார்ந்திருக்கும் இரண்டு தாய்மாரில் ஒருத்தி மற்றவளைப் பற்றிச் சொல்வது போன்றே இருந்தது. கிறிஸ்தவ நம்பிக்கை துன்பத்துக்குத் தரும் விடையைப் பற்றி இறையியலாளர் எழுதிய நூல்கள் சிலவற்றைப் பின்னர் வாசித்திருக்கிறேன். அந்த அம்மாவைத் தாண்டிச் சென்ற நூலொன்றை நான் இன்னும் காணவில்லை.

2008 இல் தேவன்பிட்டிக்குப் போன திருச்சொரூபம், அவ்வாண்டு ஓகஸ்ட் மாதம் மடுவுக்குத் திரும்பியது. சனம் திரும்பவில்லை. அவர்கள் கிழக்கே முள்ளிவாய்க்கால் வரை தள்ளப்பட்டனர். அவர்களோடு குருவானவர்களும் போனார்கள். பிரான்சிஸ் ஜோசப் அடிகளார் 2009 மே 18 ஆம் திகதி வட்டுவாகலில் சரணடைந்தவர்களோடு கூடச் சென்று காணாமற்போனார். மன்னார் ஆயராக இருந்த இராயப்பு யோசேப்பு ஆண்டகை, 2011 ஜனவரியில் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன்னால் தோன்றி, கச்சேரிக் கணக்குகளையே ஆதாரமாகக் காட்டி, 146,679 பேருக்கு என்ன நடந்தது என்று கேட்டார். அந்தத் தொகையைப் பற்றி வாதப்பிரதிவாதங்கள் உண்டு. அவருக்குப் பதில் மட்டும் கிடைக்கவில்லை. 2021 ஏப்ரல் 1 ஆம் திகதி, பெரிய வியாழனன்று, அவர் காலமானார்.

2015 ஜனவரி 14 ஆம் திகதி காலை, பாப்பரசர் பிரான்சிஸ் காலிமுகத்திடலில் யோசேப் வாஸ் அடிகளாரைப் புனிதராகப் பிரகடனஞ்செய்துவிட்டு, மாலையில் மடுவுக்கு வந்தார். அதைப் பலரும் எழுதிவிட்டார்கள். எனக்கு நினைவில் நிற்பது அதற்கு ஐந்தாண்டுகளுக்கு முந்திய ஓர் இரவு.

2010 ஆம் ஆண்டின் தவக்காலம். மாந்தை மேற்கில், மீளக் குடியேறியோரின் கரையோரக் கிராமமொன்று. ஆலயத்துக்குக் கூரை இல்லை, தறப்பாள் கட்டியிருந்தார்கள். மின்சாரமும் இல்லை. ஓர் அண்ணாவியார் அரிக்கன் லாம்பின் வெளிச்சத்தில் வியாகுலப் பிரசங்கத்தை இராகமிழுத்து வாசித்துக்கொண்டிருந்தார். முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னர் ஒல்லாந்தருக்குப் பயந்து வாழ்ந்தவர்களுக்காக எழுதப்பட்ட தமிழ். சொற்கள் பல எனக்கே விளங்கவில்லை. மகனின் உடலை மடியில் கிடத்தி அன்னை புலம்பும் கட்டம் வந்தபோது, முதலில் ஒருத்தி, பிறகு இருவர், பிறகு பாயில் இருந்த பெண்கள் அனைவருமே வாய்விட்டு அழத் தொடங்கினார்கள். அவர்களிற் பலர் ஓராண்டுக்கு முன்னர் தங்கள் பிள்ளைகளைப் பதுங்குகுழி ஓரத்தில் விட்டுவிட்டு நடந்தவர்கள். செத்தவீடு கொண்டாட அவர்களுக்கு நேரமோ அனுமதியோ கிடைத்திருக்கவில்லை. இப்போது கிடைத்தது.

அண்ணாவியார் வாசிப்பை நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அழுகை அடங்கும் வரை எவரும் எவரையும் தேற்றவில்லை. பிறகு இளைஞர்கள் இருவர் வாளியில் பிளேன்ரீ கொண்டுவந்து, கருப்பட்டித் துண்டோடு வரிசையாகக் கொடுத்தார்கள். குடித்து முடித்ததும் முன்வரிசையில் இருந்த ஆச்சி ஒருத்தி, "விட்ட இடத்திலயிருந்து வாசியும்" என்றார். அவர் பக்கத்தைத் தேடி எடுத்து, லாம்பைக் கிட்ட இழுத்து வைத்துக்கொண்டு, மறுபடியும் தொடங்கினார்.