ஒரகடத்துக்கும் குரோவேஷியக் குகைக்கும் என்ன சம்பந்தம்?

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் போனா இன்னைக்கு கண்ணுக்கெட்டின வரைக்கும் கார் கம்பெனியும் கண்டெய்னர் லாரியும்தான். ஆனா இந்த வட்டாரம் ரொம்பப் பழசுங்க. 1863-ல் பல்லாவரத்தில் ராபர்ட் புரூஸ் ஃபூட் ஒரு கற்கோடரியைக் கண்டெடுத்தார். அதே வருஷம் வடக்கே அத்திரம்பாக்கத்திலும் கருவிகள் கிடைத்தன. அவற்றின் வயசு சுமார் 15 லட்சம் ஆண்டுகள் என்று 2011-ல் சாந்தி பப்பு குழுவினர் சொன்னார்கள்.

சரி, கோடரியைப் பிடிச்ச கை எங்கே? எலும்பு கிடைக்கலை. பழைய டிஎன்ஏ-வுக்கு நம்ம வெயில் பரம எதிரி. ஹரியானா ராகிகடியில் நாலாயிரத்துச் சொச்சம் வருஷப் பழைய இடுகாட்டிலேயே 61 மாதிரிகளைச் சோதித்ததில் தேறியது ஒண்ணே ஒண்ணு!

குளிர்க் குகைகளின் கதை வேற. குரோவேஷியாவின் விண்டியா குகையில் கிடைத்த, சுமார் 50,000 வருஷப் பழைய நியாண்டர்தால் எலும்பிலிருந்து மரபணுத் தொகுதியையே படிச்சுட்டாங்க. 2020-ல் ஹூகோ ஸெபெர்க்கும் ஸ்வாந்தே பாபோவும் (2022-ல் நோபல் வாங்கினாரே, அவர்தான்) அதை எடுத்து ஒப்பிட்டார்கள். கொரோனாவைத் தீவிரமாக்கும் ஒரு துண்டு, மூணாவது குரோமோசோமில் இருப்பது, நியாண்டர்தால் வழி வந்த சீதனம்! ஐரோப்பாவில் 16 சதவீதம் பேரிடம், தெற்காசியாவில் சுமார் 50 சதவீதம் பேரிடம் அது இருக்கு.

உடனே நியாண்டர்தாலைத் திட்டாதீங்க :-) இதே துண்டு எச்.ஐ.வி. தொற்றும் ஆபத்தை 27 சதவீதம் குறைக்குதுன்னு 2022-ல் ஸெபெர்க் எழுதினார். அந்தக் கிருமி செல்லுக்குள் நுழையும் வாசல்கள் இவங்களுக்குக் குறைவாம். ஆக, நோய் எதிர்ப்பில் நிரந்தரமா நல்ல ஜீன், கெட்ட ஜீன்னு பிரிக்க முடியாது. எந்த நோய் வருதுங்கறதைப் பொறுத்தது.

'நம்ம ஜீன் அப்படி'ன்னு கையை விரிக்கவும் முடியாது. ஐரோப்பியரைப் போல இந்தியரிடம் அந்தத் துண்டு பங்கு வகிப்பதாகத் தெரியலைன்னு 2021-ல் ஞானேஷ்வர் சௌபே, தங்கராஜ் குழுவினர் எழுதினார்கள். அதே வருஷம் மே மாசம் ஒரகடம் கார் ஆலைத் தொழிலாளர்கள், அசெம்பிளி லைனில் இடைவெளி விடுங்கன்னு கோர்ட் வரைக்கும் போனாங்க. பாட்டன் பூட்டன் தந்த ஜீனை யாரும் மாத்த முடியாது. ரெண்டு பேருக்கு நடுவுல நாலடி இடம் விடறது மனுஷன் கையில்தானே இருக்கு?