ஹெரால்டு காருக்கு டிராக்டர் கடை போல்ட்

‘ரெண்டரை நூல்’ என்றால் இன்றைக்கு எத்தனை பேருக்குப் புரியும்? ஒரு அங்குலத்தை எட்டாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு நூல். அப்படிப் பார்த்தால் ரெண்டரை நூல் என்பது 5/16 அங்குலம். தச்சரும் பழைய மெக்கானிக்குகளும் இன்னும் இந்தக் கணக்கில் பேசுவதைக் கேட்கலாம்.

உத்திரமேரூர் பக்கம் ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரைத் திரும்ப ஓட வைக்கும் வேலையில் சில மாதமாக நானும் கூடமாட இருக்கிறேன். இன்ஜின், பிரேக் எல்லாம் ஒரு வழிக்கு வந்தபிறகு, ஸ்டீயரிங் தண்டைப் பிடித்து நிறுத்தும் சில போல்டுகளுக்காக வேலை நின்றது. யாரோ எப்போதோ கழற்றி, கிடைத்ததைப் போட்டு முடுக்கியிருந்தார்கள். சரியான போல்ட் எது என்று தேடிப் போனதில் கிடைத்த வரலாறுதான் இந்தப் பதிவு.

இங்கிலாந்தில் 1959-ல் ட்ரையம்ஃப் ஹெரால்டு வெளிவந்தது. உருவம் வரைந்தவர் இத்தாலிக்காரர் ஜியோவான்னி மிக்கெலோட்டி. அதே கார் 1961-ல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற பெயரில் நம் வண்டலூரில் தயாராக ஆரம்பித்தது. உத்திரமேரூரிலிருந்து செங்கல்பட்டு வழியாகச் சென்னைக்குப் போகிறவர்கள் தாண்டிப் போகிற அதே வண்டலூர்தான்.

இந்தக் காரின் ஸ்டீயரிங் தண்டில் ஒரு விசேஷம் உண்டு. அது ஒரே கம்பி இல்லை. மேல் பாதியும் கீழ்ப் பாதியும் ஒன்றுக்குள் ஒன்று நுழைந்திருக்கும். நடுவில் ஒரு கிளாம்ப், இரண்டு போல்ட், ஒரு ஆலன் ஸ்க்ரூ, அதற்கு ஒரு லாக்நட். முன்பக்கம் பலமாக மோதினால் தண்டு ஓட்டுநரின் நெஞ்சைக் குத்தாமல் உள்ளுக்குள் சறுக்கிச் சுருங்க வேண்டும் என்பது ஏற்பாடு. 1959-ல் ஒரு சின்ன காருக்கு இது பெரிய விஷயம். ஆக, இந்த இடத்து போல்டுக்கு இரண்டு வேலை: தினசரி ஓட்டத்தில் இறுக்கிப் பிடிக்கணும், மோதலில் விட்டுக்கொடுக்கணும். தண்டை டேஷ்போர்டுக்கு அடியில் தாங்கும் பிராக்கெட் ஆடினாலோ ஸ்டீயரிங் முழுக்கவே ஆடும். ‘ஏதோ ஒரு போல்ட்’ போட்டுச் சமாளிக்கிற இடம் இல்லை இது.

அப்புறம் ஏன் சரியான போல்ட் கிடைப்பதில்லை? காலத்தைப் பாருங்கள். 1956-ல் எடை, அளவைச் சட்டம் வந்தது. 1957 ஏப்ரல் 1-ல் நயா பைசா வந்தது. சேரும் வீசையும் போய் கிலோ, அங்குலம் போய் மில்லிமீட்டர் என்று நாடு மாறிக்கொண்டிருந்த அதே வருஷங்களில்தான் அங்குலக் கணக்கில் வடிவமைத்த ஹெரால்டு வண்டலூருக்கு வந்து இறங்கியது. நாடு ஒரு பக்கம் போக, கார் இன்னொரு பக்கத்திலிருந்து வந்தது. இன்று ஹார்டுவேர் கடையில் ‘எட்டு மில்லி போல்ட்’ என்று கேட்டால் கைநிறையக் கிடைக்கும். 5/16 கேட்டால் கடைக்காரர் உள்ளே போய்த் தேட வேண்டும்.

ஏமாற்றுவது என்னவென்றால், இரண்டும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். 5/16 அங்குலம் என்பது 7.94 மில்லி. கண்ணால் பிரிக்க முடியாது. ஆனால் மரை வேறு. ஹெரால்டில் வருவது யூ.என்.எஃப். மரை, 5/16 அளவில் ஒரு அங்குலத்துக்கு 24 மரை, அதாவது மரைக்கு மரை 1.06 மில்லி. சாதாரண எட்டு மில்லி போல்டில் அந்த இடைவெளி 1.25 மில்லி. மூன்று சுற்றுக்குள் அரை மரை விலகிவிடும். அதற்கு மேல் ஸ்பேனர் போட்டு அழுத்தினால் இறங்குவதுபோல இருக்கும். உண்மையில் மரை அறுந்துகொண்டிருக்கும். பழைய பிரிட்டிஷ் பி.எஸ்.எஃப். போல்ட் இன்னும் மோசம். அங்குலத்துக்கு 22 மரை என்பதால் ஆறு சுற்று வரை சமாளித்துப் போய்விடும். ஒரு நட்டின் உயரமே கிட்டத்தட்ட அவ்வளவுதான்!

ஸ்பேனரும் காட்டிக்கொடுக்காது. யூ.என்.எஃப். 5/16 போல்டின் தலை 12.7 மில்லி, மெட்ரிக் எட்டு மில்லி போல்டின் தலை 13, பி.எஸ்.எஃப். தலை 13.3. முன்னதற்குப் பதிமூணாம் நம்பர் ஸ்பேனர் கொஞ்சம் லொடலொடவென்று உட்காரும். பலரும் அதோடு விட்டுவிடுகிறார்கள்.

யூ.என்.எஃப். எங்கிருந்து வந்தது? 1841-ல் ஜோசப் விட்வொர்த் 55 டிகிரி கோணத்தில் பிரிட்டிஷ் மரையை வகுத்தார். 1864-ல் பிலடெல்பியாவில் வில்லியம் செல்லர்ஸ் 60 டிகிரி மரையை முன்வைத்தார். இரண்டு தேசத்து நட்டும் போல்டும் ஒன்றுக்கொன்று சேராது. இரண்டாம் உலகப்போரில் இது கழுத்தைப் பிடித்தது. 1940-ல் ரோல்ஸ் ராய்ஸ் மெர்லின் விமான இன்ஜினை அமெரிக்காவில் செய்ய ஒப்புக்கொண்ட பாக்கார்டு கம்பெனி, அந்த இன்ஜினுக்காகப் பிரிட்டிஷ் மரை வெட்டவே தனியாகக் கருவிகள் செய்துகொள்ள வேண்டியிருந்தது. பட்ட பாட்டுக்குப் பிறகு 1948 நவம்பர் 18-ல் அமெரிக்கா, பிரிட்டன், கனடா மூன்றும் வாஷிங்டனில் கையெழுத்துப் போட்டன. அதுதான் ‘யூனிஃபைடு’ மரை, யூ.என்.எஃப். அதன் நெருக்கமான வகை. பதினொரு வருஷம் கழித்து வந்த ஹெரால்டு இந்த மரையோடு பிறந்தது.

நாங்கள் புதுப்பேட்டை, ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு என்று அலைவதைப் பார்த்த ஒரு பெரியவர் சொன்னார்: “எதுக்கு சார் மெட்ராஸ் வரைக்கும்? டிராக்டர் கடையில கேட்டுப் பாருங்க.” கேட்டோம். இருந்தது!

இது தற்செயல் இல்லை. இங்கிலாந்தில் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி 1946-லிருந்து கோவென்ட்ரி நகரத்து பேனர் லேன் ஆலையில் ஃபெர்குசன் டிராக்டரைச் செய்து தந்தது. அந்த டி.இ.20 மாடல் மட்டும் 5 லட்சத்துக்கு மேல். ட்ரையம்ஃப் பெயரும் அதே ஸ்டாண்டர்டு கம்பெனியின் சொத்துதான். ஃபெர்குசன் பின்னால் மாஸி ஃபெர்குசன் ஆனது. அதன் கூட்டில் 1960-ல் சென்னையில் டாஃபே தொடங்கியது. கோவென்ட்ரியில் ஒரே கம்பெனிக்குள் இருந்த காரும் டிராக்டரும் சென்னைப் பக்கம் தனித்தனியாக வந்து சேர்ந்தன. கார் கம்பெனி 1988-ல் உற்பத்தியை நிறுத்திவிட்டது. டிராக்டர் நம் நெல் வயல்களில் ஓடிக்கொண்டே இருந்தது, கூடவே அங்குல மரையும். ஊர் சின்னதானாலும் டிராக்டர் ஸ்பேர் கடை அலமாரியில் யூ.என்.எஃப். போல்ட் உயிரோடு இருப்பது அதனால்தான்.

மரை சேர்ந்துவிட்டது என்பதற்காக வாங்கிவிடக் கூடாது. போல்டின் தலையைப் பாருங்கள். மூன்று கோடுகள் நட்சத்திரம்போல் இருந்தால் அது கிரேடு 5, மெட்ரிக் 8.8-க்குச் சமமான வலு. தலை மொட்டையாக இருந்தால் ஸ்டீயரிங் பக்கம் கொண்டுபோகாதீர்கள். லேத்தில் கடைந்து தரச் சொல்வதும் வேண்டாம். சாதாரண இரும்புக் கம்பியின் இழுவலு இதில் ஏறக்குறைய பாதிதான். ஆலை போல்டில் மரையை வெட்டுவதில்லை, உருட்டி அழுத்துகிறார்கள். அதனால் உலோகத்தின் இழை அறுபடாமல் வளைந்து போகிறது. நைலான் வளையம் வைத்த நட்டாக இருந்தால், கழற்றியதைத் திரும்பப் போடாமல் புதுசு போடுங்கள்.

பழைய வண்டியைப் பிரிக்கும்போது துருப்பிடித்த அசல் போல்டுகளைக் காயலான் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். எந்த போல்ட் எங்கே இருந்தது என்று சீட்டு எழுதி டப்பாவில் போட்டு வையுங்கள். ஒரு வெர்னியர், ஒரு அங்குல மரை கேஜ், இரண்டும் இருந்தால் கையில் உள்ளது எந்த மரை என்று இரண்டு நிமிஷத்தில் தெரிந்துவிடும். கடைக்குப் போகும்போது நட்டையும் எடுத்துப் போங்கள். புது போல்ட் அதில் விரலாலேயே கடைசி வரை இறங்க வேண்டும். நாலாவது சுற்றில் ஸ்பேனரைத் தேடினால், அது உங்கள் வண்டியின் போல்ட் இல்லை.