625001
625001 (ஆறு லட்சத்து இருபத்தையாயிரத்து ஒன்று; தமிழ் எண்களில் ௬௨௫௦௦௧): ஒற்றைப்படைப் பகு எண்; மதுரைத் தலைமை அஞ்சலகத்தின் பின்கோடு. 1972 ஆகஸ்ட் 15 அன்று நடைமுறைக்கு வந்த ஆறிலக்க முறையில், 625 எனத் தொடங்குபவை மதுரை, தேனி வட்டாரத்துக்கு உரியவை.

பகாக் காரணிகள்: 13 × 131 × 367. பதின்மூன்றால் வகுபடுவதை மனக்கணக்காகவே அறியலாம். 1001 = 7 × 11 × 13 ஆதலால், முதல் மூன்று இலக்கங்களிலிருந்து கடைசி மூன்றைக் கழித்தால் போதும்: 625 − 001 = 624 = 13 × 48. 624-ஐ ஏழோ பதினொன்றோ மீதியின்றி வகுக்காது. ஆகவே 625001-ஐயும் வகுக்காது.

மொத்தக் காரணிகள் எட்டு: 1, 13, 131, 367, 1703, 4771, 48077, 625001. கடைசியை நீக்கிய ஏழின் கூடுதல் 55063. எண்ணைவிட மிகக் குறைவு என்பதால் இது குறைவெண். 131, 367 இரண்டும் நான்கால் வகுக்க மீதி 3 தருபவை. எனவே இதை இரு வர்க்கங்களின் கூடுதலாக எழுத இயலாது.