கதிர்வீச்சோடு சேரும் மருந்து: காலமும் அளவும்

தொலைவிலுள்ள உறுப்புகளுக்குப் பரவாமல், தோன்றிய இடத்திலும் கழுத்து நிணநீர்க் கணுக்களிலும் முற்றிவிட்ட தலை-கழுத்துப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சோடு சிஸ்பிளாட்டினைச் சேர்த்துத் தருவது நிலைபெற்ற முறை. அதன் பலன் மருந்தின் தனிவலிமையிலிருந்து வருகிறதா, அது கதிர்வீச்சோடு சேரும் காலத்திலிருந்து வருகிறதா என்பதே இங்குக் கேள்வி. 93 ஆய்வுகளையும் 17,346 நோயாளிகளையும் ஒருங்கிணைத்து 2009-இல் வெளியான தொகுப்பாய்வில், இரண்டையும் ஒரே காலத்தில் தந்தபோது ஐந்தாண்டு உயிர்வாழ்வு 6.5 விழுக்காட்டுப் புள்ளி உயர்ந்தது. மருந்தை முன்னதாகத் தந்தபோது கிடைத்த 2.4 புள்ளி புள்ளியியல் நோக்கில் உறுதிப்படவில்லை. குரல்வளைப் புற்றில் நடந்த ஆர்டிஓஜி 91-11 ஆய்விலும் ஈராண்டு முடிவில் குரல்வளை காக்கப்பட்டோர், ஒரே காலத்தில் பெற்றவர்களில் 88, முன்னதாக மருந்து பெற்றவர்களில் 75, கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களில் 70 விழுக்காடு. கதிர்வீச்சு சிதைத்த டிஎன்ஏவைப் புற்றுச்செல் சீரமைத்துக்கொள்ளவிடாமல் சிஸ்பிளாட்டின் தடுக்கிறது என்ற விளக்கத்தோடு இது பொருந்துகிறது.

காலமே முதன்மை என்றால் வாரந்தோறும் சிறிய அளவே போதுமே என்று தோன்றும். மும்பை டாடா நினைவு மருத்துவமனையின் 2018 ஆய்வு இதை மறுப்பதுபோல் நிற்கிறது. அங்கு வாரம் சதுர மீட்டருக்கு 30 மில்லிகிராம் பெற்றவர்களில் ஈராண்டு உள்ளிடக் கட்டுப்பாடு (தோன்றிய இடத்திலும் கழுத்திலும் நோய் அடங்கியிருத்தல்) 58.5 விழுக்காடு, மூன்று வாரத்துக்கு ஒருமுறை 100 மில்லிகிராம் பெற்றவர்களில் 73.1. ஆனால் ஜப்பானில் அறுவைக்குப் பின் நடந்த ஆய்வில் வாரம் 40 மில்லிகிராம் பின்தங்கவில்லை. அதில் மூன்றாண்டு உயிர்வாழ்வு 71.6 விழுக்காடு, மூன்று வாரத்துக்கு ஒருமுறை பெற்ற எதிரணியில் 59.1. டாடா ஆய்விலும் பெரும்பாலோர் அறுவைக்குப் பிந்தியவர்களே. ஏழு வாரம் முடித்தால் 30 வீதம் 210, 40 வீதம் 280 மில்லிகிராம் சேர்கிறது. நாடும் நோயாளிகளும் வேறு என்பதால் இந்த ஒப்பீடு நேரடிச் சான்றாகாது. எனினும், வாராந்திர முறையைவிடப் போதாத அளவே குற்றவாளி என்று கொள்ள இடமுண்டு.

நச்சுத்தன்மை பற்றிய மறுப்பு இதைவிடக் கனமானது. சிறுநீரகமும் செவித்திறனும் பாதிக்கப்படலாம். ஆர்டிஓஜி 91-11-இன் பத்தாண்டு முடிவில், குரல்வளைப் புற்றோ சிகிச்சையோ காரணமெனக் கொள்ளப்படாத இறப்புகள், இரண்டையும் ஒரே காலத்தில் பெற்ற பிரிவிலேயே கூடுதல். எழுபதைத் தாண்டியவர்களுக்கு உயிர்வாழ்வுப் பலனும் தேய்கிறது. எனவே எல்லோருக்கும் சிஸ்பிளாட்டின் என்பது பொருந்தாது. அதற்காக, அதை ஏற்க இயலாதவர்களுக்குக் கதிர்வீச்சு மட்டும் போதும் என்றும் முடிவுகட்ட முடியாது. 2023-இல் டாடா குழு வெளியிட்ட ஆய்வில், இத்தகையோருக்கு வாரம் சதுர மீட்டருக்கு வெறும் 15 மில்லிகிராம் டோசிடாக்சல் என்ற மருந்தைக் கதிர்வீச்சோடு சேர்த்தபோது ஈராண்டு உயிர்வாழ்வு 41.7-இலிருந்து 50.8 விழுக்காடானது, கடும் வாய்ப்புண்ணும் கூடியது. தனித்துத் தரும் அளவைவிட மிகக் குறைந்த மருந்து இவ்வளவு செய்ததென்றால், சேரும் காலமே அதற்கு வலுக்கொடுத்தது என்பதே இயல்பான விளக்கம்.

ஆகவே மருந்துப் பட்டியலிலுள்ள பெரிய எண்ணைவிட, கதிர்வீச்சு தொடரும் வாரங்களுக்குள் நோயாளி உண்மையில் பெற்று முடிக்கும் அளவே தெரிவின் அடிப்படையாக வேண்டும். சிறுநீரகச் செயல்பாடு, செவித்திறன், உடல் எடை ஆகியவற்றை முன்கூட்டியே அளந்து மருந்தையும் அட்டவணையையும் முடிவுசெய்யலாம். பல் பராமரிப்பு, தேவைப்பட்டால் குழாய்வழி உணவு, வாராந்திர இரத்தப் பரிசோதனை ஆகியவற்றைச் சிகிச்சையின் பகுதியாகவே கொள்ள வேண்டும். சிகிச்சை இடையில் நிற்காமல் காப்பவை அவையே.