அடுக்கு என்பது உயரமன்று

கணக்கில் எண்ணின் தலைக்கு மேலே சிற்றெண்ணை எழுதுவதால்தான் ‘அடுக்கு’ என்று பெயர் வந்ததாம். அடுக்குமாடியைச் சான்றுக்கு இழுத்து இப்படி விளக்கம் சொல்வோர் பெருகிவிட்டார்கள். கேட்கும்போதெல்லாம் எரிச்சல் வருகிறது. சொல் பிழைபட்டால் கணக்கும் பிழைபடும். அடுக்கு என்பது எழுதும் இடத்தின் பெயர் என்று நினைக்கும் மாணவன்தான் 2³ஐ 6 என்று எழுதுகிறான்.

அடுத்தல் என்றால் நெருங்கி நிற்றல். அடுத்த வீடு, அடுத்த ஊர் எல்லாம் அதன் வழி வந்தவை. ‘இது உனக்கு அடுக்குமா?’ என்று கேட்கிறோமே, அங்கும் பொருந்தி நிற்றலே பொருள். அடுக்கு இந்த வேரில் கிளைத்தது: ஒன்றை ஒட்டி இன்னொன்றை வைத்தல். அடுக்குமல்லியின் இதழ்களைப் பிரித்துப் பாருங்கள். ஒரு வட்டத்தை ஒட்டி இன்னொரு வட்டம். அங்கே மாடி ஏது? பாத்திரம் அடுக்கும் இடம் அடுக்களை என்பாரும் உண்டு. அது சமைத்தல் என்னும் பொருளுடைய வேறு ‘அடு’. அடுப்பும் அடிசிலும் அதன் உறவுகள்.

மேலே எழுதும் வழக்கமோ பிற்பட்டது. கணித அறிஞர் ஹாரியட்டின் இயற்கணித நூல், அவர் மறைவுக்குப் பின் 1631இல் அச்சானபோது, அதில் முப்படியைக் குறிக்க ஒரே எழுத்து மூன்று முறை அடுத்தடுத்து நின்றது. சிற்றெண்ணை மேலே ஏற்றிய குறியீடு 1637இல் இன்னொரு கணித அறிஞரான டெக்கார்ட்டின் நூலால் பரவியது. அவரும் இருபடிக்குப் பல இடங்களில் எழுத்தை இருமுறை எழுதினார். அது அப்படியே நம் அடுக்குத்தொடர்!

இரட்டைக்கிளவி பிரித்தால் பொருள் தராது, அடுக்குத்தொடர் தரும். ‘தீ தீ தீ’ என்பதில் ஒவ்வொன்றும் தீ. 2³ என்பதிலும் ஒவ்வொன்றும் முழு இரண்டு, பெருக்கினால் 8. விரைவு காட்டும் விரைசொல் அடுக்குக்கு மூன்றும் செய்யுளின் ஓசையை நிரப்பும் இசைநிறைக்கு நான்கும் வரம்பு என்றார் தொல்காப்பியர். இயற்கணிதம் அந்த வரம்பை நீக்கியது, அவ்வளவே.

இப்படிக் கொண்டால் விதிகளை உருப்போட வேண்டியதில்லை. 2³ × 2⁴ என்றால் மூன்று இரண்டுகளை ஒட்டி நான்கு இரண்டுகள்: 2⁷, அதாவது 128. 2⁵ ÷ 2² என்றால் ஐந்தில் இரண்டு அடிபட்டு 2³. (2³)² என்றால் மும்மூன்றாக இருமுறை: 2⁶. ஆனால் 2³ × 5⁴இல் அடுக்குகளைக் கூட்ட முடியாது. அடுக்குத்தொடருக்கும் ஒரே சொல்தான் திரும்ப வரவேண்டும்.

‘பூச்சியம் முறை அடுக்குவது எப்படி?’ என்று மடக்குவார்கள். 2³ ÷ 2³ என்று எழுதுங்கள். மேலும் கீழும் எல்லாம் அடிபட்டு 1 நிற்கும், அதுவே 2⁰. இன்னொரு முறை இரண்டால் வகுத்தால் ½, அதுவே 2⁻¹.

ஈழத்துப் பாடநூல்கள் ‘சுட்டி’ என்கின்றன. எத்தனை முறை என்று சுட்டும் எண்ணுக்கு அது தகும். நடக்கும் செயலைச் சொல்லாது. ‘படி’யில் ஏற்றம் உண்டு, திரும்ப வருதல் இல்லை. இரண்டையும் வைத்துக்கொள்ளலாம், அடுக்குக்கு அவை ஈடல்ல.

இந்தச் சொல்லைக் கணக்குக்குத் தேர்ந்தவர் இலக்கணம் அறிந்தவர், அடுக்குத்தொடரை எண்ணியே தேர்ந்தார் என்பது என் துணிபு.