விழுவதற்கென்றே பிறந்த வண்டி

ஜெட் ஸ்கியைக் கண்டுபிடித்தவர் ஒரு பேங்க் ஆசாமி என்று சொன்னால் எங்கள் பிராஞ்சில் யாரும் நம்புவதில்லை. "லோன் கொடுத்தவரா இருக்கும் சார்" என்கிறார்கள். இல்லை ஐயா, நிஜமாகவே கண்டுபிடித்தவர்தான்.

பெயர் கிளேட்டன் ஜேக்கப்சன். 1960களின் தொடக்கத்தில் தெற்கு கலிபோர்னியாவில் இருந்தவர். பேங்க் வேலை, பொழுதுபோக்குக்கு மோட்டோகிராஸ் பைக். மொஹாவி பாலைவனத்தில் ஒருநாள் பைக்கிலிருந்து உருண்டு விழுந்தாராம். தோலில் ஏறிய சரளைக்கல்லைப் பிடுங்கிக்கொண்டிருக்கும்போது, இதே மாதிரி ஒரு வண்டியைத் தண்ணீரில் ஓட்டினால் விழுந்தாலும் வலிக்காதே என்று தோன்றியதாம். கதையில் கொஞ்சம் மசாலா இருக்கலாம். ஆனால் அடுத்து அவர் செய்தது நிஜம். பேங்க் வேலையை விட்டார். 1965-ல் அலுமினியத்தில் முதல் மாதிரியைச் செய்தார். அடுத்த வருடம் ஃபைபர் கிளாஸில் இன்னொன்று. (பி.எஃப்., கிராஜுவிட்டி பற்றியெல்லாம் அவர் வீட்டில் என்ன சொன்னார்களோ!)

ஜெட் ஸ்கியில் இரண்டு ஜாதி உண்டு. கலங்கூட் கடற்கரையில் டூரிஸ்டுகளை ஏற்றிச் சுற்றுவது உட்கார்ந்து ஓட்டுவது. ஜேக்கப்சன் கனவு கண்டது நின்று ஓட்டுவது. சீட் கிடையாது. ஒரே ஆள். முன்னால் மேலும் கீழும் அசையும் ஒரு கம்பம், அதன் நுனியில் ஹேண்டில்பார். வெளியே புரொப்பல்லர் சுழலாது. அடியில் தண்ணீரை உறிஞ்சி, உள்ளே இருக்கும் பம்ப் வழியாகப் பின்னால் பீய்ச்சித்தான் வண்டி ஓடும். விழுந்தவன் காலை வெட்ட வெளியே எதுவும் இல்லை.

கனடாவின் பம்பார்டியர் கம்பெனி 1968-ல் இந்த யோசனையை வைத்து சீ-டூ என்ற வண்டியை விட்டது. அது உட்கார்ந்து ஓட்டுவது. சரியாகப் போணியாகவில்லை, சீக்கிரமே கைவிட்டார்கள். பிறகு கவாசாகி வந்தது. 1973-ல் அமெரிக்கச் சந்தைக்கு வந்த கவாசாகி ஜெட் ஸ்கி, ஜேக்கப்சன் நினைத்தபடியே நின்று ஓட்டும் வண்டி. 400 சிசி, இரண்டு சிலிண்டர், டூ ஸ்ட்ரோக். அமெரிக்காவில் இதைத் தயாரித்த தொழிற்சாலை நெப்ராஸ்காவின் லிங்கன் நகரில் இருந்தது. எந்தப் பக்கம் போனாலும் கடலைப் பார்க்க மூன்று மாநிலங்களைத் தாண்ட வேண்டிய ஊர். விருதுநகரில் கப்பல் பட்டறை வைத்த மாதிரி! 1990-ல் யமஹா 'சூப்பர்ஜெட்' என்று தன் பங்குக்கு ஒன்றை இறக்கியது.

இந்த வண்டிகளின் அடிப்படையே ஓட்டுகிறவன் விழுவான் என்பதுதான். பழகும்போது நிற்கிற நேரத்தைவிட விழுகிற நேரம்தான் அதிகம். அதனால் ஆரம்பகால கவாசாகியில் ஆள் விழுந்தால் வண்டி ஓடிப்போகாது. மெதுவான வேகத்தில் வட்டமடித்து விழுந்தவனிடமே திரும்பி வரும். பின்னாளில் மணிக்கட்டில் கட்டும் கயிறு வந்தது. ஆள் விழுந்தால் கயிறு பிடுங்கிக்கொண்டு இஞ்சின் நின்றுவிடும். சரி, ஆளுக்குப் பதில் வண்டியே மூழ்கிவிட்டால்?

2019 நவம்பரில் இதை நேரில் பார்த்தேன். கோவாவில் எங்கள் ஞாயிற்றுக்கிழமை பைக் கோஷ்டியில் நாலு பேர். புல்லட் ஓட்டும் மலையாளி கப்பல் இஞ்சினீயர், ஆர்எக்ஸ் 100-ஐ உயிராக வைத்திருக்கும் வாஸ்கோ மெக்கானிக், பழைய சூப்பர்ஜெட் ஒன்றைக் கைமாற்றில் வாங்கிய உள்ளூர்க்காரர், அப்புறம் நான். வண்டியின் பின்பக்கம் உள்ளே தேங்கும் தண்ணீரை வடிக்க ஒரு திருகு மூடி உண்டு. உள்ளூர்க்காரர் அதைப் போடாமல் ஜுவாரி ஆற்றில் இறக்கிவிட்டார். கரையோரம் கட்டி வைத்த வண்டி ராத்திரியோடு ராத்திரியாகத் தாழ்ந்துவிட்டது. காலையில் நீர் வற்றிய நேரத்தில் மூக்கு மட்டும் தெரிந்தது.

நான் நாலு பேரும் இழுத்தால் வந்துவிடும் என்று நினைத்தேன். இஞ்சினீயர் தடுத்தார். வண்டியின் எடை 130 கிலோ சொச்சம்தான். ஆனால் உள்ளே நிறைந்த ஒவ்வொரு லிட்டர் தண்ணீரும் ஒரு கிலோ. நீருக்குள் இருக்கும்வரை அந்தப் பாரம் தெரியாது, மேலே வரும்போதுதான் கையில் ஏறும். அதனால் நீர் வற்றியிருக்கும்போதே இரண்டு பக்கமும் லாரி டியூப்களைக் கட்டிக் காற்றடித்தோம். மீதியை ஆறு பார்த்துக்கொண்டது. ஏற்றம் வர வர டியூப் மிதக்க, வண்டியும் கூடவே எழுந்தது. ஆழமில்லாத இடத்துக்கு நடத்திக்கொண்டு போய், மூக்கைத் தூக்கிப் பின்பக்க ஓட்டை வழியாகத் தண்ணீரை வடித்தோம். மூழ்கிய கப்பலைத் தூக்க மனிதன் காலம் காலமாகச் செய்துவந்தது இதைத்தான் என்றார்.

கரையேறியதும் சொந்தக்காரரின் கை ஸ்டார்ட் பட்டனுக்குப் போனது. "பாத்ராவ், தொடாதீங்க!" என்று கத்தினார் மெக்கானிக். (பாத்ராவ் என்றால் கொங்கணியில் முதலாளி.) காற்றை அழுத்தலாம், தண்ணீரை அழுத்த முடியாது. சிலிண்டரில் நீர் நிற்கும்போது இஞ்சினைச் சுற்றினால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். இரண்டு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, ஒயர்களை ஓரமாக எர்த் செய்துவிட்டுச் சுற்றினார். இரண்டு ஓட்டையிலிருந்தும் உப்புத்தண்ணீர் ஆள் உயரத்துக்குப் பீய்ச்சியது.

அதன் பிறகு எல்லாமே அவசரம். உப்புநீரில் ஊறிய இரும்பு, காற்று பட்ட சில மணி நேரத்தில் துருப்பிடிக்கத் தொடங்கும். டேங்க், கார்புரேட்டரைக் காலி செய்து, நல்ல தண்ணீர் விட்டுக் கழுவி, 2டி ஆயில் கலந்த பெட்ரோலை ஊற்றிச் சுற்றிச் சுற்றி எடுத்தார். புது பிளக், வேறு பேட்டரி. தோட்டத்துக் குழாயை மாட்டி ஓட்டும்போதும் ஒரு வரிசை உண்டு: முதலில் இஞ்சின், பிறகு தண்ணீர். அணைக்கும்போது முதலில் தண்ணீர், பிறகு இஞ்சின். மாற்றிச் செய்தால் சைலன்சர் வழியாக மறுபடி இஞ்சினுக்குள் தண்ணீர். சாயங்காலம் ஐந்து மணிக்கு 'டர்ர்ர்' என்று வெள்ளைப் புகையோடு உயிர் வந்தது. ஆற்றில் அரைமணி நேரம் ஓட்டி, உள்ளே மிச்சமிருந்த ஈரத்தைச் சூட்டிலேயே காய வைத்தார்.

ஆர்எக்ஸ் 100 மெக்கானிக்குக் கடல் வண்டி எப்படிப் பிடிபட்டது? இரண்டுக்கும் இஞ்சின் ஒரே குலம் என்பதால்தான். டூ ஸ்ட்ரோக்கில் ஃபோர் ஸ்ட்ரோக் மாதிரி வால்வு கிடையாது, அடியில் ஆயில் தேங்கும் தொட்டியும் கிடையாது. நீரை வெளியேற்றி, எண்ணெய் காட்டி, நெருப்பு கொடுத்தால் போதும்.

ஆனால் ஐந்தொகையில் இரண்டு பக்கம் உண்டு. அதே எளிமையால்தான் இந்த இஞ்சின் கிட்டத்தட்ட கால்வாசி பெட்ரோலை எரிக்காமல் ஆயிலோடு வெளியே தள்ளியது, அதுவும் நேராகத் தண்ணீருக்குள். அமெரிக்க சுற்றுச்சூழல் துறை 1996-ல் விதி போட்டு, 2006-க்குள் புதிய படகு இஞ்சின்களின் ஹைட்ரோகார்பன் புகையை 75 சதவீதம் குறைக்கச் சொன்னது. தாஹோ ஏரியில் 1999 முதல் கார்புரேட்டர் வைத்த டூ ஸ்ட்ரோக் ஜெட் ஸ்கிகளுக்குத் தடை. அந்த ஏரித் தண்ணீரைக் குடிக்கிறவர்களும் உண்டு. கவாசாகி 2017-ல் 1498 சிசி ஃபோர் ஸ்ட்ரோக் வண்டிக்கு மாறியது, எடை 250 கிலோ. சூப்பர்ஜெட்டும் 2021-ல் ஃபோர் ஸ்ட்ரோக் ஆனது. நம்மூர் ஆர்எக்ஸ் 100 இதற்கெல்லாம் முன்பே, 1996-லேயே நின்றுபோனது.

தண்ணீருக்கு இது நல்லதுதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஜுவாரியில் அன்று சாயங்காலம் மிதந்த வானவில் எண்ணெய்ப் படலத்தை நானும் பார்த்தேன். மீன் பிடிக்கிறவர்களின் ஆறு அது. ஆனால் புது வண்டி மூழ்கினால் ஆயிலில் நீர் கலந்து பால் மாதிரி ஆகிவிடும். அதைத் திரும்பத் திரும்ப மாற்ற வேண்டும். சென்சார், கம்ப்யூட்டர் வேறு. லாரி டியூபும் ஸ்பார்க் பிளக் ஸ்பேனரும் வைத்துக்கொண்டு நாலு நண்பர்கள் ஒரே நாளில் முடிக்கிற வேலை இல்லை.

சொந்தக்காரர் இப்போது சூப்பர்ஜெட்டை வருடத்துக்கு இரண்டு முறைதான் இறக்குகிறார். இறக்குவதற்கு முன் அந்தத் திருகு மூடியை நாலு பேரும் ஆளுக்கு ஒருமுறை தொட்டுப் பார்ப்பது எங்கள் வழக்கம்.