மணலில் போட்ட மரப்பாதை

மெரினாவில் விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே, மணலின் மேல் கடலை நோக்கி ஒரு மரப்பாதை நீண்டு கிடக்கிறது. நீளம் 263 மீட்டர், அகலம் 3 மீட்டர். சக்கர நாற்காலியில் வருகிறவர், யாரும் தூக்கிவிட வேண்டாமல், அலைக்குப் பக்கத்தில் போய் நிற்கலாம். சென்னை மாநகராட்சி சுமார் 1.14 கோடி ரூபாயில் அதைக் கட்டி 2022 நவம்பர் 27 அன்று திறந்தது.

அது பிறந்த கதையைச் சொல்ல வேண்டுமென்றால் துறைமுகத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். மெரினா எப்போதும் இவ்வளவு அகலமாக இருந்ததில்லை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னைத் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல் கொட்டிச் சுவர் எழுப்பினார்கள். நம் கரையில் ஆண்டின் பெரும்பகுதி நீரோட்டம் வடக்கு நோக்கி மணலைத் தள்ளிக்கொண்டு போகும். அந்த மணலைச் சுவர் மறித்தது. வடக்கே ராயபுரம் பக்கம் கரை அரிபட்டது. தெற்கே, மெரினா பக்கம், மணல் சேர்ந்துகொண்டே போனது. 1884இல் ஆளுநர் கிராண்ட் டஃப் நடைபாதை அமைத்து மெரினா என்று பெயர் வைத்த பிறகும் கடல் பின்வாங்கியபடியே இருந்தது. இன்று நடைபாதைக்கும் அலைக்கும் நடுவே பல இடங்களில் 300 மீட்டர் மணல்.

கால் நன்றாக இருப்பவருக்கு அந்த மணல் ஒரு சுகம். சக்கர நாற்காலியின் முன்சக்கரங்களோ சிறியவை, மணலில் சட்டென்று புதைந்துவிடும். பின்னாலிருந்து தள்ளத் தள்ள இன்னும் ஆழமாகப் போகும். ஊன்றுகோலின் நுனியும் அப்படித்தான். ஆகவே கடலைப் பார்க்க ஆசைப்பட்டவர்களை நாலு பேர் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போனார்கள். அல்லது அவர்கள் சாலையோரத்திலேயே இருந்து, தம்பி தங்கைகள் அலையில் நனைந்து வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சென்னையிலேயே பிறந்து வளர்ந்தும் கடலில் கால் நனைக்காதவர்கள் உண்டு என்பது என் மனதை விட்டு நீங்காத செய்தி.

தூக்கிப் போவதில் என்ன குறை என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். எங்கள் சிதம்பரம் பக்கத்தில் மாசி மகத்தன்று ஸ்ரீமுஷ்ணம் பூவராகசுவாமி கிள்ளைக் கடலுக்குத் தீர்த்தவாரிக்கு வருவார். சுவாமியைத் தோளில் சுமப்பது ஊருக்கே பெருமை. வளர்ந்த ஒரு பெண்ணை, முன்பின் தெரியாத நாலு பேர் கைகொடுத்துத் தூக்குவது அப்படி அல்ல. போக நினைத்த நேரத்தில் போகவும், போதும் என்று தோன்றும்போது திரும்பவும் முடியாமல், தூக்குகிறவர்கள் வசதிக்குத்தான் அவள் காத்திருக்க வேண்டும். இந்தப் பாதையைக் கேட்டவர்கள் கடலை மட்டும் கேட்கவில்லை, தனியாகப் போகும் உரிமையையும் சேர்த்தே கேட்டார்கள்.

கேட்டவுடன் கிடைக்கவில்லை. மாற்றுத்திறனாளிகள் அமைப்புகள் ஆண்டுக்கணக்காக மனு கொடுத்தன. முதலில் வந்தது தற்காலிகப் பாதை. டிசம்பர் 3, உலக மாற்றுத்திறனாளிகள் தினத்தை ஒட்டி மணலில் பாதை போடுவார்கள், சில நாளில் எடுத்துவிடுவார்கள். அந்தச் சில நாட்கள் வீண்போகவில்லை என்றே நினைக்கிறேன். பாதை போட்டால் ஆட்கள் வருவார்களா என்ற சந்தேகத்துக்கு, திரண்டு வந்தவர்களே பதில் சொன்னார்கள். அதன் பிறகுதான் ‘நிரந்தரமாகவே போடுங்கள்’ என்ற கோரிக்கைக்குப் பலம் வந்தது. கடலோர ஒழுங்குமுறை விதிகள் இருப்பதால் மணலில் கான்கிரீட் கொட்டிவிட முடியாது. அனுமதி வாங்கி, மரத்தால் கட்டினார்கள்.

திறந்து இரண்டு வாரம் முடிவதற்குள், டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரை கடந்தது. கடல் பக்கத்து முனை உடைந்து சிதறியது. வரிப்பணம் கடலில் போயிற்று என்று அப்போது பலர் பேசினார்கள். புயலில் உடையும் சாலையை யாரும் அப்படிப் பேசுவதில்லை, மறுபடி போடுகிறோம். இதையும் சரிசெய்து திறந்தார்கள். பிறகு பெசன்ட் நகரிலும் இப்படி ஒரு பாதை வந்தது.

சக்கர நாற்காலிக்காகப் போட்ட பாதையில் தள்ளுவண்டிக் குழந்தைகளும் முழங்கால் வலிக்காரப் பாட்டிகளும் போகிறார்கள். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் பெற்றோருக்கும் இது உதவும். எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று முன்கூட்டியே காட்டிவிடக்கூடிய பாதை, பக்கத்தில் பிடித்துக்கொள்ளக் கைப்பிடி. கூட்டமும் இரைச்சலும் தாங்காத பிள்ளையைக் காணும் பொங்கல் அன்று கூட்டிப்போக முடியாது, வாரநாள் விடியற்காலையில் கூட்டிப்போகலாம். 1995ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளையே கணக்கில் எடுத்தது. 2016ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகையாக விரித்து ஆட்டிசத்தையும் சேர்த்தது. ஆனாலும் கட்டுகிறவர்கள் மனதில் இன்னும் சக்கர நாற்காலி மட்டும்தான் இருக்கிறது. அமைதியாக உட்கார ஓர் ஓரம், படம் போட்ட வழிகாட்டிப் பலகை, இவையும் அந்தச் சட்டம் சேர்த்துக்கொண்ட பிள்ளைகளுக்குக் கிடைக்க வேண்டியவை.

எங்கள் கீரப்பாளையத்திலிருந்து அந்த மெரினா பாதைக்குப் போவதை எண்ணிப் பாருங்கள். சிதம்பரத்துக்கு டவுன் பஸ், அங்கிருந்து ரயில், எழும்பூரில் இறங்கி மாநகரப் பேருந்து. வழக்கமான பேருந்தின் தளம் தரையிலிருந்து 900 மில்லிமீட்டர் உயரம். தாழ்தளப் பேருந்தில் 400தான். மாற்றுத்திறனாளிகள் உயர் நீதிமன்றம்வரை போராடிய பிறகு, 2024 ஆகஸ்டில் சென்னைக்குப் புதிய தாழ்தளப் பேருந்துகள் வந்தன. ஆக, பயணத்தின் கடைசித் துண்டு எளிதாகிவிட்டது. முதல் துண்டான எங்கள் ஊர் பஸ் படி அப்படியே இருக்கிறது.

கடலுக்காக நாங்கள் சென்னைவரை போக வேண்டியதும் இல்லை. சாமியார்பேட்டை பக்கத்தில் இருக்கிறது, கடலூரில் வெள்ளிக் கடற்கரை இருக்கிறது. வெள்ளிக் கடற்கரையை, தரமான கடற்கரைகளுக்குத் தரப்படும் நீலக்கொடித் தகுதிக்கு உயர்த்தப்போவதாக அரசு அறிவித்திருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் வந்துபோகும் வழியும் அவர்களுக்கான கழிப்பறையும் அந்தத் தகுதிக்கான விதிகளிலேயே உண்டு. வேலை தொடங்கும்போதே, பாதை மணலின் பாதியில் நிற்காமல் அலைக்கருகே போகிறதா என்று வரைபடத்தைப் பார்த்துக் கேட்க வேண்டும், திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனுவாகவே கொடுக்க வேண்டும். கிள்ளையில் மாசி மகத்தன்று ஒரு நாளைக்காவது மணலில் பலகை போடச் சொல்லியும் கேட்கலாம். மெரினாவிலும் முதலில் கிடைத்தது சில நாள் பாதைதான்.